பெயரில்லாத குளவிகளும் உங்கள் திட்டத்தில்தான் இருக்கின்றன: ஆராய்ச்சி நிதிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆராய்ச்சித் திட்டங்களுக்கு நிதி ஒதுக்கும் குழுவினருக்கும், ஆய்வாளர்களின் பணியை எடைபோடும் தேர்வுக் குழுவினருக்கும் வணக்கம்.

பூச்சி வளத்தைக் கணக்கெடுக்கும் திட்டங்களுக்கு நீங்கள் பணம் தருகிறீர்கள். அதற்கு நன்றி. காட்டிலும் வயலிலும் மலேய்ஸ் பொறி என்ற கூடாரம் போன்ற வலை கட்டவும், மஞ்சள் தட்டு வைக்கவும், எத்தனால் குப்பி வாங்கவும், டிஎன்ஏ வரிசை பார்க்கவும் தொகை கிடைத்துவிடுகிறது. பொறிகள் நிரம்புகின்றன. கடைசியில் வரும் அறிக்கையில் ஒட்டுண்ணிக் குளவிகள் என்ற பகுதியைத் திறந்தால் "பிராகானிடே, இனம் 1", "இனம் 2", "இனம் 3" என்று வரிசையாகப் போகும். திட்டக் காலம் முடிந்ததும் குப்பிகள் உறைபெட்டிக்குள் போய்விடும். அந்த இனங்கள் ஒவ்வொன்றையும் விவரித்து, பெயர் சூட்டி, வேறொருவர் பார்த்தாலும் அடையாளம் காணும்படி செய்யும் வேலைக்கு மட்டும் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரிகூட இருக்காது.

ஒட்டுண்ணிக் குளவிகளின் வகைப்பாட்டில் வேலை செய்கிற பலரில் நானும் ஒருவன். நான் கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய இனத்தை விவரிப்பதை ஆராய்ச்சியின் ஒரு பகுதியாகவே எண்ணி அதற்கென்று நிதி ஒதுக்குங்கள். அதைச் செய்கிறவரை அந்த வேலைக்குப் பொருந்தும் அளவுகோலால் எடைபோடுங்கள். இதை ஏன் கேட்கிறேன் என்பதுதான் மீதி மடல்.

ஒட்டுண்ணிக் குளவி என்றால் கூடு கட்டிக் கொட்டுகிற குளவி அல்ல. இன்னொரு பூச்சியின் முட்டையிலோ புழுவிலோ கூட்டுப்புழுவிலோ தன் முட்டையை இடும். பொரிந்து வரும் குஞ்சுப்புழு அந்த ஓம்புயிரியைத் தின்று வளர்ந்து, முடிவில் அதைக் கொன்றுவிட்டு வெளியே வரும். இலை தின்னும் புழு, தண்டு துளைக்கும் புழு, சாறு உறிஞ்சும் மாவுப்பூச்சி, அசுவினி, செதில் பூச்சி என்று எதை எடுத்தாலும் அதன் மேல் வாழும் குளவி ஒன்றாவது இருக்கும். பல சமயம் அந்தக் குளவியின் மேல் வாழும் இன்னொரு குளவியும் இருக்கும்.

இக்நியூமானிடே குடும்பத்தில் மட்டும் ஏறத்தாழ 25,000 இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. பிராகானிடே குடும்பத்தில் 20,000க்கும் மேல். கால்சிட் குளவிகளின் பெருங்குடும்பத்தில் 22,000க்கும் மேல் பெயரிட்டிருக்கிறோம். உண்மையில் ஐந்து லட்சம் இருக்கலாம் என்று சொல்லும் மதிப்பீடுகளும் உண்டு. விலங்குலகிலேயே அதிக இனங்கள் கொண்ட வரிசை (பல குடும்பங்கள் அடங்கிய பெரும்பிரிவு) வண்டுகளுடையது என்று நெடுங்காலமாகப் பாடநூல்கள் சொல்லி வந்தன. ஒட்டுண்ணிக் குளவிகளைச் சரியாக எண்ணினால் அந்த இடம் குளவி, தேனீ, எறும்பு அடங்கிய வரிசைக்குத்தான் போகும் என்று 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்குப் போட்டுக் காட்டியது. சில ஓம்புயிரிப் பேரினங்களை, அதாவது நெருங்கிய இனங்களின் தொகுப்புகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் இனத்தை மட்டுமே தாக்கும் குளவி இனங்கள் எத்தனை என்று பார்த்துத்தான் அந்த முடிவுக்கு வந்தார்கள். அளவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டைகோபோமார்ஃபா எக்மெப்டெரிஜிஸ் என்ற குளவியின் ஆண் 0.139 மில்லிமீட்டர் நீளம்தான். இறக்கை இல்லை, கண் இல்லை. வளர்ந்த பூச்சிகளில் இதுவரை அறிந்தவற்றிலேயே இதுதான் மிகச் சிறியது. 1997 வரை இதற்குப் பெயர் கிடையாது.

பெயர் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கூட்டங்களில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதிலுக்கு மரவள்ளிக் கிழங்கின் கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1970களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் மரவள்ளித் தோட்டங்களில் ஒரு மாவுப்பூச்சி பரவியது. மரவள்ளியே தென் அமெரிக்காவிலிருந்து போன பயிர். பூச்சியும் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். நுனிக் குருத்து சுருண்டு, செடி குட்டையாகி, சில இடங்களில் கிழங்கு விளைச்சலில் 80 சதவீதம் வரை போனது. கோடிக்கணக்கானவர்களின் அன்றாட உணவு அது. 1977இல் பிரெஞ்சு ஆய்வாளர் தனியேல் மதீல்-ஃபெரேரோ இந்தப் பூச்சியைப் புதிய இனமாக விவரித்து ஃபெனகாக்கஸ் மனிஹாட்டி என்று பெயர் வைத்தார். தேடுவதற்கு ஓர் உருவமும் பெயரும் கிடைத்தன.

தென் அமெரிக்காவின் வடபகுதியில் மரவள்ளியில் மாவுப்பூச்சி கிடைத்தது. பார்க்க அதே மாதிரி இருந்தது. அதைத் தின்னும் குளவிகளைப் பிடித்துக்கொண்டு வந்து ஆப்பிரிக்கப் பூச்சியிடம் விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. உற்றுப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. ஆப்பிரிக்காவில் இருந்தது பெண்களை மட்டுமே கொண்ட இனம், ஆண் இல்லாமலே பெருகும். தென் அமெரிக்காவின் வடபகுதியில் கிடைத்ததில் ஆண்களும் இருந்தன. இரண்டும் வேறு வேறு இனங்கள். வடக்கே கிடைத்தது 1981இல் ஃபெனகாக்கஸ் ஹெரேனி என்ற பெயரில் விவரிக்கப்பட்டது. அதே ஆண்டு பூச்சியியலாளர் அந்தோனி பெல்லோட்டி பராகுவே நாட்டில் உண்மையான ஃபெனகாக்கஸ் மனிஹாட்டியைக் கண்டார். அதனோடு ஒரு சிறு குளவியும் கிடைத்தது. தனிமைப்படுத்திச் சோதித்த பிறகு 1981இலேயே அந்தக் குளவி நைஜீரியாவில் விடப்பட்டது. சில ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகளில் அது நிலைகொண்டு மாவுப்பூச்சியை அடக்கியது. அந்தத் திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார். பின்னாளில் தாய்லாந்துக்கு அதே மாவுப்பூச்சி போனபோது அதே குளவியும் பின்னாலேயே அனுப்பப்பட்டது.

அந்தக் குளவியின் இன்றைய பெயர் அனகைரஸ் லோப்பேசி. அதை முதலில் விவரித்தவர் அர்ஜென்டினாவின் லூயிஸ் தெ சாந்திஸ், 1964இல். மரவள்ளி மாவுப்பூச்சி ஆப்பிரிக்காவை எட்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்பு. இன்றைய மதிப்பீட்டுப் படிவம் ஒன்றை அவர் 1964இல் நிரப்பியிருந்தால் "சமூகப் பயன்" என்ற கட்டத்தில் அவரால் எதை எழுதியிருக்க முடியும்? தேவை எழும்போது பெயரும் விவரமும் தயாராக இருந்ததற்குக் காரணம், தேவை எழுவதற்கு முன்பே ஒருவர் உட்கார்ந்து அதைச் செய்திருந்தார் என்பதுதான்.

பப்பாளி மாவுப்பூச்சியின் கதையும் இதே வழிதான். பூச்சி 1992இல் விவரிக்கப்பட்டது. அதைத் தாக்கும் குளவிகளில் மிகப் பயனுள்ளதாக அமைந்த அசெரோஃபேகஸ் பப்பாயேயை ஜான் நாய்ஸ், மைக்கேல் ஷாஃப் இருவரும் 2003இல் புதிய இனமாக விவரித்தார்கள். இந்தியாவில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் அந்தப் பூச்சியால் வெள்ளை பூத்துக் கிடந்தபோது 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அந்தக் குளவி வரவழைக்கப்பட்டது. எந்தக் குளவி வேண்டும் என்று ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் ஐயமில்லாமல் கேட்க முடிந்தது.

இனங்கள் பிரித்து விவரிக்கப்படாததால் வந்த இழப்புக்கும் சான்று உண்டு. கலிஃபோர்னியாவின் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களைச் சிவப்புச் செதில் பூச்சி பல பத்தாண்டுகள் வாட்டியது. அதற்கு எதிரியைத் தேடி ஆசியாவுக்குப் போனவர்கள் செதில் பூச்சியின் மேல் மஞ்சள் நிறச் சிறு குளவிகளைப் பார்த்தார்கள். "இது அஃபைடிஸ் கிரைசோம்ஃபாலை, நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதே" என்று விட்டுவிட்டார்கள். அது ஒரே இனம் அல்ல. ஒன்றைப் போல் ஒன்று தோன்றும் பல இனங்கள் என்பது தெளிவாக 1940களின் இறுதி ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் அஃபைடிஸ் லிங்னானென்சிஸ் வந்தது. அப்புறம் 1956, 57இல் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் அஃபைடிஸ் மெலினஸ் போனது. இன்று உலகின் பல எலுமிச்சைத் தோட்டங்களில் வளர்த்து விடப்படுவது இந்த மெலினஸ்தான். பால் டிபாக் அதை விவரித்தது 1959இல். குளவிகள் எப்போதும் அங்கேயேதான் இருந்தன. பிரித்துப் பார்க்கத் தெரியாமல் போன ஒரே காரணத்தால் ஒரு தலைமுறை விவசாயிகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

சரி, விவரிப்பது என்றால் என்ன வேலை? இதைச் சொல்லாமல் நிதி கேட்பது நியாயமில்லை.

புதிய இனம் என்ற செய்தியைப் படிப்பவருக்குக் காட்டில் வலையோடு அலையும் ஒருவர் நினைவுக்கு வருவார். ஒட்டுண்ணிக் குளவிகளைப் பொறுத்தவரை கண்டுபிடிப்பு பெரும்பாலும் மேசையில்தான் நடக்கிறது. எத்தனாலில் கிடந்த மாதிரியை அப்படியே காயவைத்தால் மெல்லிய தலையும் வயிறும் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அதனால் சிறப்பு முறையில் உலர்த்த வேண்டும். அட்டை முனையில் பசைப் புள்ளி வைத்து, பார்க்க வேண்டிய பக்கம் மறையாமல் ஒட்ட வேண்டும். மிகச் சிறியவற்றில் உணர்கொம்பையும் இறக்கையையும் பிரித்தெடுத்து, கண்ணாடித் தகட்டில் கனடா பால்சம் என்ற தெளிவான பிசின் இட்டுப் பதிக்க வேண்டும். அதன் பிறகு உணர்கொம்பின் ஒவ்வொரு கணுவும் எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், முட்டையிடும் குழல் பின்காலின் கணுவைவிட எத்தனை மடங்கு, முதுகில் இருப்பது வலைப்பின்னலா வரிக்கோடா என்று அளந்தும் வரைந்தும் படமெடுத்தும் எழுத வேண்டும்.

இதெல்லாம் கை வேலை, பழகினால் வந்துவிடும். கடினமானது அடுத்த கட்டம். இது புதியது என்று எப்படித் தெரியும்? அந்தப் பேரினத்தில் இதுவரை விவரிக்கப்பட்ட அத்தனையோடும் ஒப்பிட்டால்தான் தெரியும். விலங்குப் பெயர்களுக்கு லின்னேயஸின் 1758ஆம் ஆண்டு நூலிலிருந்து கணக்குத் தொடங்குகிறது. லத்தீனில் இரண்டு வரி எழுதியிருப்பார் ஒருவர். ஜெர்மனில் அரைப் பக்கம் எழுதியிருப்பார் இன்னொருவர். ஆஸ்திரேலியாவில் வேலை செய்த அலெக்சாண்டர் ஆர்சேன் ஜிரோ ஆயிரக்கணக்கான கால்சிட் இனங்களை விவரித்தார். பலவற்றைச் சொந்தச் செலவில் அச்சிட்ட சிறு தாள்களில் வெளியிட்டார், சில இனங்களுக்கு ஓரிரு வரிகள்தான். அவர் 1941இல் மறைந்தார். ஸ்டெனெக் பௌசெக் அந்தக் குவியலில் பெரும்பகுதியை ஒழுங்குபடுத்திப் பெரிய நூலாக வெளியிட்டது 1988இல். பணமும் இடமும் ஆதரவும் இல்லாமல் ஒருவரைத் தனியே வேலை செய்யவிட்டால் அடுத்த தலைமுறைக்கு என்ன பாரம் ஏறும் என்பதற்கு ஜிரோவின் தாள்களே சாட்சி. அவருடைய கூர்மையான கண்ணைப் பற்றி எனக்கு மரியாதைதான் உண்டு.

எழுத்து போதாதபோது மூல மாதிரியைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பெயரையும் தாங்கி நிற்பது ஹோலோடைப் எனப்படும் ஒரே ஒரு மாதிரி. அந்தப் பெயர் எந்த உயிருக்கு உரியது என்ற வழக்கு எழுந்தால் தீர்ப்புச் சொல்வது அதுதான். 2000 முதல், புதிய இனத்தை வெளியிடுகிறவர் மூல மாதிரியைத் தெளிவாகக் குறிப்பிட்டாக வேண்டும், அது எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்றும் சொல்லியாக வேண்டும் என்று விலங்குப் பெயரீட்டு விதிகள் கேட்கின்றன. ஆக ஒரு பேரினத்தைச் சரிபார்க்க ஐந்தாறு நாடுகளின் அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கும் மாதிரிகளைப் பார்க்க வேண்டியிருக்கும். கடனாக வரவழைக்க வேண்டும், அல்லது நேரில் போக வேண்டும்.

பார்த்த பிறகும் குழப்பம் தீராது. ஓம்புயிரி பெரியதாக இருந்தால் அதிலிருந்து வரும் குளவியும் பெரியதாக இருக்கும். ஆகவே உடல் அளவை நம்ப முடியாது. நிறம் எத்தனாலில் வெளுக்கும். கெலிஸ் பேரினத்தில் பெரும்பாலும் பெண்ணுக்கு இறக்கை இருக்காது, எறும்பு போல ஓடும். பல இனங்களில் ஆணுக்கு முழு இறக்கை இருக்கும். இரண்டையும் தனித்தனியே பிடித்தவர் ஒரே இனம் என்று எப்படிச் சொல்வார்? புழுவை வளர்த்து, அதிலிருந்து வருவதை நேரில் பார்த்தால்தான் சொல்லலாம். வளர்ப்பு பல மாதம் எடுக்கும், பாதி செத்துப்போகும்.

டிரைகோகிராமா என்ற முட்டை ஒட்டுண்ணி அட்டைகளை உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். உலகெங்கும் வயல்களில் கட்டப்படுவது. அரை மில்லிமீட்டர் அளவுள்ள அந்தக் குளவிகளை நிறத்தையும் உடலின் அளவையும் வைத்துப் பிரிக்க முயன்று பல பத்தாண்டுகள் குழம்பினார்கள். ஆய்வகங்களில் ஒரே பெயரில் வேறு வேறு இனங்கள் வளர்ந்தன. ஆணின் இனப்பெருக்க உறுப்பின் அமைப்பைப் பார்த்தால் இனங்களைத் தெளிவாகப் பிரிக்கலாம் என்று 1971இல் காட்டியவர்கள் சுதா நாகர்கட்டியும் எச். நாகராஜாவும். அதற்குப் பிறகு உலகம் முழுக்க டிரைகோகிராமா வகைப்பாடு அந்த வழியில்தான் போனது. இவ்வளவு பெரிய மாற்றம் ஒரு புதிய கருவியால் வரவில்லை. எங்கே பார்ப்பது என்று பொறுமையாகத் தேடியதால் வந்தது.

நாசோனியா இன்னொரு சான்று. மரபியல் ஆய்வகங்களில் பல ஆண்டுகளாக ஒரே இனம் என்று வைத்து ஆராயப்பட்ட குளவி. 1990இல் டார்லிங், வெரன் இருவரும் பறவைக் கூடுகளிலிருந்து வளர்த்தெடுத்தவற்றை ஆராய்ந்து அதில் இரண்டு புதிய இனங்களை விவரித்தார்கள். ஒன்றுக்கு நாசோனியா ஜிரோல்டி என்று பெயர். நான் மேலே சொன்ன ஜிரோவின் நினைவாக. அந்த இனங்கள் பிரிந்து தெரிந்த பின்புதான், உடலுக்குள் வாழும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா அவற்றுக்கு இடையே கலப்பைத் தடுக்கிறது என்ற முக்கியமான ஆராய்ச்சி வளர்ந்தது. வகைப்பாடு முதலில் நடந்தது, மரபியல் அதன் மேல் நின்றது.

இனி, நீங்கள் கேட்கப்போகும் கேள்வி. டிஎன்ஏ பார்கோடு வந்துவிட்டதே, இன்னும் எதற்கு உணர்கொம்பை அளக்க வேண்டும்?

பார்கோடு எனக்குப் பிடிக்கும். இனத்தை அடையாளம் காட்டப் பயன்படும், 658 எழுத்துகள் கொண்ட ஒரு மரபணுத் துண்டு அது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தவை இரண்டு என்று அது பல முறை காட்டியிருக்கிறது. ஆணையும் பெண்ணையும், புழுவையும் குளவியையும் இணைக்க அதைப்போல் விரைவான வழி வேறில்லை. புதிய விவரிப்பு ஒவ்வொன்றோடும் அது இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அது மட்டும் போதும் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. 2021இல் கோஸ்ட்டா ரிக்காவிலிருந்து 403 பிராகானிட் இனங்கள் ஒரே கட்டுரையில் விவரிக்கப்பட்டன. பெரும்பாலானவற்றுக்கு விவரம் என்று இருந்தது பார்கோடு வரிசையும் ஒரு படமும்தான். இந்த வேகத்தில் போகாவிட்டால் காடு அழிவதற்குள் எதையும் பெயரிட முடியாது என்றார்கள் எழுதியவர்கள். அவர்களுடைய பதற்றம் எனக்குப் புரிகிறது, அதில் உண்மை இருக்கிறது. மறுப்பாளர்களின் வாதமும் வலுவானது. பழைய பெயர்கள் பலவற்றின் மூல மாதிரிகளுக்குப் பார்கோடு கிடையாது. அவற்றோடு ஒப்பிடாமல் புதியது என்று எப்படி முடிவு செய்வது? வோல்பாக்கியா போன்ற பாக்டீரியாக்கள் இந்த மரபணுத் துண்டின் பரவலையே திரித்துவிடுவதும் உண்டு. எல்லாவற்றையும்விட, வரிசை பார்க்கும் வசதி இல்லாத இடத்தில் நுண்ணோக்கியோடு மட்டும் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த விவரிப்பு எதையும் சொல்லாது. பயிர்ப் பாதுகாப்புக்கு ஒட்டுண்ணிகளை நம்பியிருக்கும் இடங்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்ட இடங்கள்தான்.

இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறது. தாய்லாந்தின் அலேயோடஸ் குளவிகளில் 179 புதிய இனங்களை 2012இல் ஒரே கட்டுரையில் விவரித்தார்கள். பார்கோடும் இருந்தது, படங்களும் சுருக்கமான உருவ விவரமும் இருந்தன. விரைவும் வேண்டும், மற்றவர் பயன்படுத்தவும் முடிய வேண்டும் என்றால் இப்படிச் செய்யலாம். அதற்கு ஆள் வேண்டும். குளவியின் உருவத்தைப் படிக்கத் தெரிந்த ஆள். வரிசை பார்க்கும் கருவிக்குப் பணம் கொடுத்துவிட்டு அந்த ஆளுக்குச் சம்பளம் ஒதுக்காமல் இருப்பதுதான் இன்று பெரும்பாலான திட்டங்களில் நடக்கிறது. படத்தைப் பார்த்து இனம் சொல்லும் மென்பொருளுக்கும் இதே கதி; யாராவது சரியாகப் பெயரிட்டு வைத்த மாதிரிகள் இருந்தால்தான் அதற்குக் கற்றுக்கொடுக்க முடியும்.

இப்போது தேர்வுக் குழுக்களிடம்.

ஓர் இனத்தின் பெயர் ஆயிரம் கட்டுரைகளில் வரும். அந்தப் பெயரைத் தந்த மூல விவரிப்பு மேற்கோள் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. அது வழக்கமாகிவிட்டது. இதன் விளைவு என்னவென்றால், அறிவியல் முழுவதும் பயன்படுத்துகிற ஒரு வேலை மேற்கோள் கணக்கில் சுழியமாகத் தெரிகிறது. அந்தக் கணக்கை வைத்து நீங்கள் பணி நியமனம் செய்கிறீர்கள். இளம் ஆய்வாளர் ஒருவர் இரண்டு ஆண்டு உழைத்து ஒரு பேரினம் முழுவதையும் திருத்தி, இருபது இனங்களை விவரித்து, அடையாளம் காணும் திறவுகோலும் எழுதி வெளியிட்டால் உங்கள் அட்டவணையில் அது ஒரு கட்டுரை. தாக்கக் காரணி (இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்) குறைந்த இதழில் வந்த ஒரு கட்டுரை. அவ்வளவுதான் அதற்கு மதிப்பெண்.

2020இல் நடந்ததை நினைவூட்ட வேண்டும். விலங்கு வகைப்பாட்டில் உலகிலேயே மிகுதியாகக் கட்டுரைகள் வெளியிடும் ஜூடாக்சா என்ற இதழைத் தாக்கக் காரணிப் பட்டியலிலிருந்து, அந்தப் பட்டியலை வெளியிடும் கிளாரிவேட் நிறுவனம் நீக்கியது. தன் இதழையே அதிகமாக மேற்கோள் காட்டுகிறது என்பது காரணம். புதிய விலங்கினங்களில் அவ்வளவு பெரிய பங்கு ஒரே இதழில் வெளிவரும்போது அடுத்து எழுதுகிறவர் அதைத்தானே மேற்கோள் காட்ட முடியும்? உலகெங்கும் வகைப்பாட்டாளர்கள் எதிர்த்து எழுதினார்கள். சில வாரங்களில் நிறுவனம் முடிவை மாற்றிக்கொண்டது. அது நல்லதுதான். ஆனால் ஒரு துறை எப்படி இயங்குகிறது என்றே தெரியாத அளவுகோல் அந்தத் துறையை அளந்துகொண்டிருக்கிறது என்பது அன்று எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. அதே அளவுகோல் உங்கள் படிவங்களில் இன்னும் இருக்கிறது.

காலமும் ஒரு பிரச்சினை. ஓர் இனத்தின் மாதிரி முதன்முதலில் சேகரிக்கப்பட்ட நாளிலிருந்து அது விவரிக்கப்படும் நாள் வரை சராசரியாக 21 ஆண்டுகள் ஆகின்றன என்று 2012இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. உயிரினங்கள் எல்லாவற்றுக்குமான சராசரி அது. மூன்றாண்டுத் திட்டத்தில் பிடிபட்ட குளவி, அந்தத் திட்டத்தில் வேலை செய்த மாணவர் நடுவயதை எட்டும்போதுதான் பெயர் பெறும். அதற்குள் அவர் பெரும்பாலும் வேறு வேலைக்குப் போயிருப்பார். ஒரு குடும்பத்தின் குளவிகளை நம்பகமாக அடையாளம் காணக் கற்றுக்கொள்ளவே பல ஆண்டுகள் பிடிக்கும். கற்றுக்கொடுக்கிறவர் ஓய்வு பெறும்போது அந்த இடம் நிரப்பப்படாமல் போனால், கற்றலின் சங்கிலி அங்கே அறுந்துவிடும். நூலில் உள்ளதை நூலிலிருந்து மீட்கலாம். மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து ஒரே குளவியை மாறி மாறிப் பார்த்துக் கற்றதை மீட்க முடியாது.

சேகரிப்புகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2018 செப்டம்பர் 2ஆம் தேதி இரவு ரியோ டி ஜெனிரோவில் பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தது. லட்சக்கணக்கான பூச்சி மாதிரிகள் போயின, அவற்றில் ஹோலோடைப்புகளும் இருந்தன. பராமரிப்புக்குப் போதிய பணம் இல்லை என்ற முறையீடு அதற்கு முன்பே பல ஆண்டுகளாக இருந்து வந்தது. தீ பிடித்தால்தான் இழப்பு என்று இல்லை. அருங்காட்சியக வண்டு என்ற சிறு வண்டு பெட்டிக்குள் புகுந்தால் ஊசியில் இருப்பது தூளாகிவிடும். ஈரம் ஏறினால் பூஞ்சை. பெட்டியைத் திறந்து பார்த்து, எத்தனால் குறைந்தால் நிரப்பி, கடன் கேட்பவருக்குப் பதில் எழுதும் ஒரு பராமரிப்பாளர் இல்லாவிட்டால் சேகரிப்பு இருந்தும் இல்லாததுதான்.

நாடு விட்டு நாடு மாதிரி அனுப்புவது இப்போது மிகவும் சிக்கலாகிவிட்டது. உயிர்வளப் பயன்களைப் பகிர்வது பற்றி 2010இல் ஏற்று 2014இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு ஒப்பந்தமான நகோயா நெறிமுறையின் நோக்கத்தை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஒரு நாட்டின் உயிர்வளத்தை எடுத்துப்போய் இன்னொருவர் லாபம் பார்ப்பது தடுக்கப்பட வேண்டியதே. ஆனால் அதே நெறிமுறையின் 8ஆம் பிரிவு, வணிக நோக்கமற்ற ஆராய்ச்சிக்கு எளிய நடைமுறை வேண்டும் என்றும் சொல்கிறது. அதைப் பல நாடுகளின் விதிகள் மறந்துவிட்டன. ஒரு மில்லிமீட்டர் குளவியை ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்புவதற்கும் மருந்து நிறுவனத்தின் ஏற்றுமதிக்கும் ஒரே படிவம் என்றால் யாரும் ஒப்பிடமாட்டார்கள். ஒப்பிடாமல் வெளியிடுவார்கள், அல்லது வெளியிடாமலே விட்டுவிடுவார்கள். உங்களில் பலர் இந்த விதிகளை எழுதும் குழுக்களிலும் இருக்கிறீர்கள். அங்கே பேசுங்கள்.

ஆகவே என் வேண்டுகோள்கள் பெரிய தொகையைக் கேட்பவை அல்ல. பூச்சிகளைச் சேகரிக்கும் திட்டம் எதுவாக இருந்தாலும், அதன் நிதியில் ஒரு பகுதி விவரிப்புக்கென்று பிரித்து வைக்கப்படட்டும். வேறு செலவுக்கு அதை மாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு. அந்தப் பகுதி திட்டக் காலம் முடிந்த பிறகும் சில ஆண்டுகள் செலவிடக்கூடியதாக இருக்கட்டும். மாதிரிகளைப் பெறும் அருங்காட்சியகத்துக்கு அவற்றைப் பராமரிக்கும் செலவும் சேர்ந்து போகட்டும். ஓய்வு பெறப்போகும் வகைப்பாட்டாளரின் பக்கத்தில் அடுத்தவர் சில ஆண்டுகள் சேர்ந்து உட்காரும்படி பணியிடங்கள் முன்கூட்டியே நிரப்பப்படட்டும். இவை எல்லாவற்றிலும் எனக்கு இந்தக் கடைசியே முக்கியம். மற்றவை தாமதமானால் வருத்தம், இது தாமதமானால் இழப்பு.

தேர்வுக் குழுக்கள் வகைப்பாட்டாளரை எடைபோடும்போது தாக்கக் காரணியை ஓரமாக வைத்துவிட்டு அவருடைய விவரிப்புகளையே எடுத்துப் படியுங்கள். மூல மாதிரிகளைப் பார்த்திருக்கிறாரா? திறவுகோல் வேலை செய்கிறதா? படங்களை வைத்து இன்னொருவர் அடையாளம் காண முடிகிறதா? ஓம்புயிரி எது என்று சொல்லியிருக்கிறாரா? இவற்றைச் சொல்ல அந்தத் துறையில் இருக்கும் ஒருவரைக் குழுவில் சேர்க்க வேண்டியிருக்கும். சேருங்கள். இதழாசிரியர்களிடமும் சொல்லுங்கள்: ஓர் இனத்தின் மேல் ஆராய்ச்சி செய்து எழுதுகிறவர் அந்த இனத்தின் மூல விவரிப்பையும், எதை வைத்து அடையாளம் கண்டார் என்பதையும் மேற்கோளில் காட்டட்டும்.

நிதிக் குழுக்கள் அடுத்த விண்ணப்பப் படிவத்தை அச்சிடுவதற்கு முன் அதில் மூன்று கேள்விகளைச் சேர்த்தால் வேலை தொடங்கிவிடும். இந்தத் திட்டத்தில் கிடைக்கும் பெயரில்லாத இனங்களை விவரிக்கப்போவது யார்? அவற்றின் ஹோலோடைப்புகள் எந்த அருங்காட்சியகத்தில் வைக்கப்படும்? இந்த இரண்டுக்கும் ஒதுக்கிய தொகை எவ்வளவு? மூன்றுக்கும் பதில் எழுதாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒட்டுண்ணிக் குளவிகளின் வகைப்பாட்டில் பணிபுரியும் ஓர் ஆய்வாளன்